விஞ்ஞானியை வயலுக்கு அழைத்து வருவது எப்படி? மீஞ்சூர், பொன்னேரி பக்கத்து உழவர் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

வட சென்னையைச் சுற்றி ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் பஞ்சமே இல்லை. மாதவரம் பால்பண்ணையில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. செவ்வாப்பேட்டை அருகே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. தரமணிக்குப் போனால் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். ஆனால் மீஞ்சூர் பக்கம் கிணற்றில் உப்பேறி நெல் கருகிப்போகும் உழவரைக் கேட்டுப் பாருங்கள். ஆய்வாளர் யாரும் வந்ததில்லை என்பார். வந்திருந்தால், மண்ணை அள்ளிக்கொண்டு போனவர் முடிவைச் சொல்லத் திரும்பி வரவில்லை என்பார்.

நாங்கள் சில நண்பர்கள் ஒரு உழவர் குழுவோடு சேர்ந்து, உப்பேறிய நிலத்தில் எந்த நெல் தாங்கும் என்று ஆய்வாளர்களின் துணையோடு சோதித்துப் பார்க்க இறங்கினோம். யாரிடம் போவது, எந்தக் காகிதம் வேண்டும், எந்த மாதத்தில் கேட்பது என்று ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. ஒரு நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் வரும் வரும் என்று காத்திருந்ததிலேயே ஒரு பருவம் போனது. நீங்கள் அப்படி அலையக்கூடாது என்பதற்காக, செய்யவேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். நெல்லை வைத்தே சொல்கிறேன். கீரை, கறவை மாடு, மீன் எதற்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

1. கேள்வியை முதலில் தயார் செய்யுங்கள்

"இயற்கை விவசாயம் பண்ணணும் சார், உதவி பண்ணுங்க" என்று போனால், ஒரு துண்டுப் பிரசுரமும் தேநீரும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆய்வாளருக்குச் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி வேண்டும். இப்படி: "நவரைப் பட்டத்தில் போர்த் தண்ணீர் பாய்ச்சினால், நட்ட மூன்றாவது வாரமே இலை நுனி கருகுகிறது. ஏரித் தண்ணீரோடு கலந்து பாய்ச்சினால் சரியாகுமா, அல்லது ரகத்தை மாற்றவேண்டுமா?" இதில் பருவம், தண்ணீர், பயிரின் வயது, அறிகுறி எல்லாம் இருக்கின்றன. கேட்டவுடன் அவர் பேனாவை எடுப்பார்.

உப்புப் பிரச்சினை ஏன் இந்தப் பக்கம் இப்படி என்பதையும் சுருக்கமாகத் தெரிந்துகொண்டு போங்கள். ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் சென்னைக் குடிநீருக்கும் பாசனத்துக்கும் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை இறைத்ததில், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஒரே ஊரில் ஒரு கிணறு இனிக்கும், அடுத்த கிணறு கரிக்கும். அதனால் "எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்தக் கிணறு, எவ்வளவு ஆழம், எந்த மாதத்தில் கரிக்கிறது என்று சொல்லுங்கள்.

கேள்வியைத் திரட்ட ஊரில் ஒரு கூட்டம் போடவேண்டும். அதற்கான நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் பெண்கள் நூறு நாள் வேலையில் இருப்பார்கள். நாற்று நடவு வாரத்தில் யாருமே வரமாட்டார்கள். மாலை பால் கறந்து ஊற்றியபிறகு, கோயில் திண்ணையிலோ பள்ளி வளாகத்திலோ கூடுங்கள். விதையைப் பொறுக்கி எடுத்து வைப்பதும், நாற்றின் நிறம் மாறுவதை முதலில் கவனிப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்கள் இல்லாமல் எழுதிய கேள்வி அரைகுறையாகத்தான் இருக்கும்.

முதல் கூட்டத்திலேயே வயதான ஒருவர் எழுந்து, "நைனா, போன தடவை வந்தவங்களும் இப்படித்தான் எழுதிக்கிட்டுப் போனாங்க. என்ன ஆச்சு?" என்று கேட்பார். கேட்கவேண்டியது அவர் உரிமை. அவரைச் சமாதானப்படுத்தும் வேலையில் இறங்காதீர்கள். இந்த முறை என்னென்ன எழுத்தில் வாங்கப் போகிறோம் என்று ஆறாவது படியில் உள்ளதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

2. எந்தக் கதவைத் தட்டுவது?

பட்டாவில் எந்த வட்டம் என்று முதலில் பாருங்கள். மாதவரம், திருவொற்றியூர் வட்டங்கள் 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டன. பொன்னேரி வட்டம் திருவள்ளூர் மாவட்டம். பக்கத்துப் பக்கத்து நிலமாக இருந்தாலும் அலுவலகங்கள் வேறு. மாவட்டம் மாறி மனு கொடுத்தால் அது திரும்பி வரவே மாதக்கணக்காகும்.

நெல் என்றால் திரூர். டிகேஎம் என்று தொடங்கும் நெல் ரகங்கள் (டிகேஎம் 9, டிகேஎம் 13) அந்த நிலையத்தில் உருவானவை. அங்கே இருப்பவர்களுக்கு இந்த மாவட்டத்து மண் தெரியும். மீஞ்சூரிலிருந்து ரயிலில் போவதாக இருந்தால் பேசின் பிரிட்ஜில் இறங்கித் திருவள்ளூர் மார்க்க வண்டி பிடிக்கவேண்டும். செங்குன்றம் வழியாகப் பேருந்திலும் போகலாம். கறவை மாடு, ஆடு, தீவனம் என்றால் மாதவரம். குளத்து மீன் என்றால் பொன்னேரி. உவர்நீர் இறால், கொடுவா மீன் என்றால் சாந்தோம் நெடுஞ்சாலையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம். பாரம்பரிய விதை, சமூக விதை வங்கி, ஊர்ப் பல்லுயிர்ப் பதிவேடு என்றால் தரமணி.

நேராகப் பெரிய நிறுவனத்துக்குப் போவதற்கு முன் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மீஞ்சூர், சோழவரம், புழல் ஒவ்வொன்றுக்கும் தனி மையம். அங்கே 'ஆத்மா' (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தின் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளர் இருப்பார். உழவர் குழுவைப் பதிவேட்டில் சேர்ப்பது, பயிற்சி, வெளியூர்ப் பயணம் எல்லாம் அவர் வழியாக நடக்கும். அவருக்குத் தெரியாமல் விஞ்ஞானி ஊருக்குள் வந்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

யாரும் பிடி கொடுக்கவில்லை என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். துறை அலுவலர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பார்கள், பதில் பதிவாகும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வேளாண் கல்லூரி இறுதி ஆண்டு மாணவர்கள் ஊரகப் பணி அனுபவத்துக்காகக் கிராமங்களில் தங்குவார்கள். முதுநிலை மாணவர்களுக்கு ஆய்வுக்கு வயல் தேவைப்படும். நல்ல கேள்வியோடு வயலும் தயாராக இருக்கிறது என்று பேராசிரியருக்குக் கடிதம் எழுதினால், பெரிய திட்டத்தைவிட இது சீக்கிரம் கைகூடும்.

3. மாதக் கணக்கு

இந்த வேலை முழுவதிலும் என்னை மிகவும் பாடாய்ப் படுத்தியது இதுதான். அலுவலக ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. நம் ஆண்டு சொர்ணவாரி (ஏப்ரல், மேயில் தொடங்குவது), சம்பா (ஆகஸ்டில்), நவரை (டிசம்பர், ஜனவரியில்) என்று நெல் பருவங்களாக ஓடுகிறது. ஆகஸ்டில் சம்பா விதைக்கும்போது போய்க் கேட்டால், "இந்த வருஷத் திட்டம் முடிவாகிவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை.

வேளாண் அறிவியல் நிலையம் ஆண்டுதோறும் செயல்திட்டம் போடுகிறது. அதில் இரண்டு வகை வேலை உண்டு. ஒன்று, வயல்வெளி ஆய்வு: விடை தெரியாத கேள்வியைச் சில உழவர்களின் நிலத்தில், அவர்களுடைய வழக்கமான முறையோடு ஒப்பிட்டுச் சோதிப்பது. மற்றொன்று, முதல்நிலை செயல்விளக்கம்: ஏற்கெனவே தேறிய தொழில்நுட்பத்தைச் செய்து காட்டுவது, பெரும்பாலும் ஒரு ஏக்கரில். உங்களுக்கு எது வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். சொல்லாவிட்டால் செயல்விளக்கம்தான் வரும், உங்கள் கேள்வி அப்படியே நிற்கும்.

கேள்வியை டிசம்பர், ஜனவரிக்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நிலையத்தின் அறிவியல் ஆலோசனைக் குழுவில் உழவர் பிரதிநிதிகளும் உண்டு. அவர்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் மண் பரிசோதனை. மே மாதம் கிணற்றுத் தண்ணீர் மிக மோசமாக இருக்கும்போது நீர்ப் பரிசோதனை. மழை முடிந்து ஜனவரியில் அதே கிணற்றில் இன்னொரு முறை. ஜூனுக்குள் ஒப்பந்தம், ஜூலையில் விதைக்கு ஏற்பாடு.

பருவத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். உப்புத் தாங்கும் திறனைச் சம்பாவில் சோதித்தால், வடகிழக்குப் பருவமழை உப்பைக் கழுவிவிடும். எல்லா ரகமும் நன்றாக விளைந்ததுபோலத் தெரியும். நவரையிலோ சொர்ணவாரியிலோ பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆனால் மாப்பிள்ளைச் சம்பா போன்ற நீண்டநாள் ரகங்களை அந்தப் பருவங்களில் போட முடியாது. பூங்கார் போன்ற குறுகியகால ரகம்தான் சரிப்படும். எந்த ரகம், எந்தப் பருவம் என்பதை ஆய்வாளரோடு உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுத்தான் விதையைத் தொடவேண்டும்.

4. ஆவணங்கள்

பட்டா, சிட்டாவை வருவாய்த் துறையின் இணைய தளத்திலிருந்து கட்டணமில்லாமல் எடுக்கலாம். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் நடப்பு ஆண்டு அடங்கலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். சிறு, குறு விவசாயி சான்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 60 ரூபாய். இவற்றோடு ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், விவசாயிகளுக்கான தனி அடையாள எண் பதிவு செய்திருந்தால் அது. எல்லாவற்றிலும் இரண்டு நகல்.

எதிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பட்டாவில் தாத்தா பெயர், ஆதாரில் வேறு முன்னெழுத்து என்றிருந்தால் இடுபொருள் மானியமோ இழப்பீட்டுத் தொகையோ அங்கேயே நின்றுவிடும்.

பெரிய சிக்கல் குத்தகை. சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில், நிலம் ஒருவர் பெயரிலும் ஏர் இன்னொருவர் கையிலும் இருப்பதுதான் வழக்கம். வாரத்துக்கோ (விளைச்சலில் பங்கு கொடுப்பது) குத்தகைக்கோ பயிர் செய்பவரிடம் காகிதம் எதுவும் இருக்காது. பயிர் செய்பவரை ஆய்வில் சேர்க்கவேண்டும், நில உரிமையாளரின் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடக்கூடாது. உரிமையாளர் தயங்குவது, இந்தக் காகிதத்தை வைத்துக் குத்தகை உரிமை கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தால்தான். "இந்த ஒரு பருவத்துக்கு, இந்த சர்வே எண்ணில் 25 சென்ட் நிலத்தில் ஆய்வு நடத்த ஆட்சேபணை இல்லை" என்று அவரிடம் தனிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் குத்தகைப் பேச்சோடு கலக்காதீர்கள்.

குழுவைப் பதிவு செய்யவேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். முதல் பருவத்துக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு தீர்மானப் புத்தகம், வருகைக் கையெழுத்து, இரண்டு பேர் கூட்டாக இயக்கும் வங்கிக் கணக்கு போதும். பணம் வாங்கும் நிலை வந்தபிறகு சங்கமாகப் பதியலாம், அதற்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். விற்பனைக்குப் போகும்போது உற்பத்தியாளர் நிறுவனம், அதற்கு 10 பேர். ஆரம்பத்திலேயே நிறுவனம் தொடங்கினால் ஆண்டுக் கணக்கு, தணிக்கை என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

கிராம சபைத் தீர்மானம் ஒன்று கையில் இருந்தால் நல்ல பலம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். தீர்மான வாசகத்தை முன்கூட்டியே எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுங்கள். கூட்டத்தில் எழுந்து வாயால் சொன்னால் புத்தகத்தில் ஏறாது. மாநகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு உறுப்பினரிடம்தான் போகவேண்டும்.

5. மண்ணும் தண்ணீரும்

மாதிரி எடுப்பது தவறிப்போனால் அதற்குப்பின் எல்லாமே தவறாகிவிடும். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம், மாடு கட்டிய இடம் வேண்டாம். உரம் போட்ட சூட்டோடும் எடுக்கக்கூடாது. வயலில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களைக் குறியுங்கள். மேலே உள்ள புல், சருகை மட்டும் ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில 'வி' போல அரையடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். வெட்டிய மண்ணை எறிந்துவிட்டு, குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு சீவு சீவி பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள். எல்லா இடத்து மண்ணையும் ஒரு சுத்தமான சாக்கில் கொட்டி, கட்டிகளை உடைத்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகங்களைத் தள்ளிவிடுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்யவேண்டும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி, பெயர், சர்வே எண், முந்தைய பயிர், தேதி எழுதிய சீட்டை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பழைய உரச் சாக்கில் கொட்டினால் பரிசோதனை அறிக்கையில் அந்த உரம்தான் வரும்.

தண்ணீருக்கு, மோட்டாரைப் போட்டுக் கால் மணி நேரமாவது ஓடவிட்டபிறகு, அதே தண்ணீரில் புட்டியை இரண்டு மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். அன்றே, தவறினால் மறுநாளே கொடுத்துவிடுங்கள்.

அறிக்கை வந்ததும் இரண்டு எண்களைப் பாருங்கள். மின்கடத்துத் திறன் உப்பின் அளவைச் சொல்லும். கார அமில நிலை, நிலம் களரா என்பதற்குக் குறிப்புக் கொடுக்கும். உவர் நிலமும் களர் நிலமும் ஒன்றல்ல: உவரில் கரையும் உப்பு மிகுதி, களரில் சோடியம் மிகுந்து காரம் ஏறியிருக்கும். களருக்கு ஜிப்சம் வேலை செய்யும். வெறும் உவருக்கு ஜிப்சம் போட்டுப் பயனில்லை, நல்ல தண்ணீரைக் கட்டி வடித்து உப்பைக் கழுவவேண்டும். கடைக்காரர் பேச்சைக் கேட்டு உவர் நிலத்தில் மூட்டை மூட்டையாக ஜிப்சம் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் கனத்துப்போகிறது.

இன்னொரு பொறி. இரண்டு ஆய்வகங்களின் மின்கடத்துத் திறன் எண்களை அப்படியே ஒப்பிடக்கூடாது. ஒரு ஆய்வகம் மண்ணில் பல மடங்கு தண்ணீர் கலந்து அளக்கும். இன்னொன்று மண்ணைக் குழைத்து, அதிலிருந்து வடித்த நீரை அளக்கும். இரண்டாவது முறையில்தான் மீட்டருக்கு 4 டெசி சைமன்ஸை எட்டினால் உவர் நிலம் என்பார்கள், நெல் 3 தாண்டினாலே விளைச்சலில் குறையத் தொடங்கும். முதல் முறையில் அதே மண்ணுக்கு எண் குறைவாக வரும். "எந்த முறையில் அளந்தீர்கள்?" என்று கேட்டு அறிக்கையிலேயே எழுதி வாங்குங்கள்.

6. விதைப்பதற்கு முன் எழுத்தில் வாங்கவேண்டியவை

வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இந்தப் படியைத் தள்ளிப்போடாதீர்கள். நல்ல மனிதர்களுக்கு இடையேதான் எழுதாமல் விட்ட விஷயங்கள் கசப்பாகின்றன. ஆய்வாளர் இடமாற்றலில் போய்விடுவார், திட்டம் முடிந்துவிடும், அப்போது வாய்வார்த்தைக்கு யார் பொறுப்பு?

தமிழில் ஒரே தாளில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் ஒப்புதல் படிவம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் கேட்டால் தருவார்கள், தரவேண்டும்.

விளைச்சல் குறைந்தால் யார் ஈடு செய்வது என்பது முதல் கேள்வி. எளிய வழி: சோதனைப் பாத்தியை ஒட்டி உழவரின் வழக்கமான ரகம் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைய கொள்முதல் விலையில் கணக்கிட்டுத் தரவேண்டும். "அரசுத் திட்டத்தில் இழப்பீட்டுக்கு இடமில்லை" என்று சொல்லிவிட்டால், சோதனைப் பரப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 25 சென்டுக்குமேல் யாரும் முதல் பருவத்தில் கொடுக்கவேண்டாம். கடன் வாங்கிப் பயிர் செய்பவர் அதையும் கொடுக்கவேண்டாம்.

உழவரின் நேரத்துக்குக் கூலி உண்டா? அளவெடுக்கும் நாள், பதிவேடு எழுதும் நேரம், கூட்டத்துக்காக வேலையை விட்டு வரும் நாள் எல்லாமே உழைப்பு. விஞ்ஞானிக்கு அது சம்பள நாள், உழவருக்குக் கூலி போன நாள். திட்ட மதிப்பீட்டில் இதற்கென்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். பெண்களுக்கு அவரவர் கணக்கிலேயே போகவேண்டும்.

முடிவு யாருக்கு முதலில்? அறுவடை முடிந்து 60 நாளுக்குள் ஊரில் வந்து தமிழில் சொல்லவேண்டும் என்று எழுதுங்கள். கட்டுரை வெளியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊரின் பெயர், உழவரின் பெயர், படம் பயன்படுத்துவதற்குத் தனித்தனி அனுமதி. சிலர் பெயர் வரவேண்டும் என்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். உழவர் சொன்ன அறிவு ஆய்வுக்கு அடிப்படையாக இருந்தால் கட்டுரையில் அவர் பெயர் சேரவேண்டும் என்றும் கேளுங்கள். கேட்டால் மரியாதையோடு செய்கிற ஆய்வாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நடுவில் விலகலாமா என்பதற்கும் ஒரு வரி வேண்டும். பூச்சியோ நோயோ வந்து பயிர் போகும் நிலையில், ஆய்வுக்காக மருந்தடிக்காமல் வேடிக்கை பார்க்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதவேண்டியிருக்கலாம். வாங்குமுன் எந்த மதிப்பில் வேண்டும் என்று பத்திர எழுத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் யாருக்கு என்பதையும் கேளுங்கள். கள ஆய்வாளர் போடும் கையெழுத்து பல இடங்களில் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. துறைத் தலைவரோ பதிவாளரோ போடவேண்டியிருக்கும், அதற்கு மாதங்கள் ஆகும். எங்களுக்குப் பருவம் போனது இந்த இடத்தில்தான். ஜனவரியிலேயே வரைவைக் கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

7. விதையைக் கொடுக்கும் முன்

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001, உழவர் தன் விளைபொருளைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க உரிமை கொடுக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயர் அச்சிட்டு விற்பதுதான் கூடாது. உங்கள் ஊரில் தலைமுறையாகக் காத்துவரும் ரகத்தை உழவர் ரகமாகப் பதியலாம், உழவருக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. நெல்லுக்குப் பாதுகாப்பு 15 ஆண்டுகள். விண்ணப்பத்தில் பல்லுயிர் மேலாண்மைக் குழுத் தலைவர், மாவட்ட வேளாண் அலுவலர், பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநர் போன்ற ஒருவரின் பரிந்துரை வேண்டும். ரகங்களைக் காக்கும் சமூகங்களுக்கு 10 லட்சம் ரூபாய் விருதும் இந்தச் சட்டத்தின் வழியாக வழங்கப்படுகிறது.

ஆய்வாளருக்கு விதை கொடுக்கும்போது எத்தனை கிலோ, எந்த ரகம், எதற்காக, மூன்றாவது ஆளுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டாளியாக வெளிநாட்டு நிறுவனம் இருந்தால், பல்லுயிர்ச் சட்டம் 2002-இன்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி பற்றி அவர்களே சொல்லவேண்டும். அந்த ஆணையத்தின் அலுவலகம் நம் தரமணியிலேயே இருக்கிறது, சந்தேகம் என்றால் நேரில் போய்க் கேட்கலாம். உங்கள் உள்ளாட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா, பதிவேட்டில் உங்கள் நெல், கீரை, மீன் எல்லாம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

8. ஏரி, பறவை, கழிமுகம்

சோதனை வயலோடு நிற்காது என்றால் அனுமதி கூடும். ஏரியில் தண்ணீரோ மண்ணோ எடுக்கவேண்டும் என்றால், ஆயக்கட்டு (ஏரியின் பாசனப் பரப்பு) 100 ஏக்கருக்குமேல் உள்ள ஏரிக்கு நீர்வளத் துறை, அதற்குக் குறைந்ததற்கு ஊராட்சி ஒன்றியம். பழவேற்காடு பறவைகள் சரணாலய எல்லைக்குள் எந்த ஆய்வுக்கும் வனத்துறை அனுமதி கட்டாயம். இதை நிறுவனம்தான் வாங்கவேண்டும், உழவர் குழு தலையில் கட்டவிடாதீர்கள். பழவேற்காட்டில் மீனவர்கள் முறை வைத்து மீன் பிடிக்கும் 'பாடு' முறை இருக்கிறது. அங்கே வலை போட்டு ஆய்வு செய்யவேண்டும் என்றால் அரசு அனுமதியோடு ஊர்ப் பெரியவர்களின் ஒப்புதலும் வேண்டும்.

9. செலவு

பெரிய தொகை எதுவும் ஆரம்பத்தில் தேவைப்படாது. அரசு ஆய்வகத்தில் மண், நீர்ப் பரிசோதனைக் கட்டணம் மிகக் குறைவு. தனியார் ஆய்வகத்தில் பல மடங்கு. விதை, பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி, நடுத்தர வயது ரகத்துக்கு ஏக்கருக்குச் சுமார் 16 கிலோ, குறுகியகால ரகத்துக்கு 24 கிலோ. 25 சென்டுக்கு அதில் கால்பங்கு. உண்மையில் பணத்தைத் தின்பது போக்குவரத்தும் கூட்டச் சாப்பாடும்தான். ஆய்வாளர் தரமணியிலிருந்து மீஞ்சூர் வர வண்டிச் செலவை யார் தருவது என்று முதலிலேயே பேசுங்கள். குழு தரக்கூடாது.

பணம் தேடுவதாக இருந்தால் ஆத்மா திட்டத்தையும், நபார்டு வங்கியின் மாவட்ட வளர்ச்சி மேலாளரையும் கேளுங்கள். தனியார் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இந்தப் பக்கம் எளிதாகக் கிடைக்கும், ஏனென்றால் எண்ணூர், மணலி முழுக்கத் தொழிற்சாலைகள். நீங்கள் சோதிக்கும் மண்ணையும் நீரையும் பாதிக்கக்கூடிய தொழிற்சாலையின் பணத்தில் அந்த ஆய்வைச் செய்யாதீர்கள். முடிவு என்னவாக இருந்தாலும் ஊர் நம்பாது.

10. வயலில்

விதையை முதலில் முளைப்புச் சோதனை செய்யுங்கள். 100 விதையை ஈரச் சாக்கில் கட்டி வைத்து, 80-க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதை வேண்டாம். புது ரகமும் வழக்கமான ரகமும் ஒரே நாளில் நடவேண்டும், ஒரே தண்ணீர், ஒரே எரு. புது ரகத்துக்கு மட்டும் நல்ல பாத்தியைக் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அதை விட்டுவிடுங்கள். ஒரே வயலில் பெரிதாகச் செய்வதைவிட ஐந்தாறு பேர் நிலத்தில் சிறிதாகச் செய்தால், ஒரு கிணற்றின் குணம் முடிவைக் கெடுக்காது.

பதிவேடு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நடவு தேதி, பாய்ச்சிய நாள், எந்தத் தண்ணீர், மழை, பூச்சி. வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஆர்வமாக எழுதுவார்கள். கைப்பேசியில் வாரம் ஒரு படம், ஒரே மூலையிலிருந்து.

அறுவடையன்று ஆய்வாளர் கட்டாயம் இருக்கவேண்டும். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருப்பதைத் தனியாக அறுத்து, அடித்து, தூற்றி, காயவைத்து எடை போடுங்கள். அந்த எடையை 162 ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வரும். வரப்போரம் கயிறு கட்டாதீர்கள், அங்கே பயிர் எப்போதும் கூடுதலாகத் தழைத்திருக்கும்.

பாரம்பரிய நெல்லைச் செங்குன்றத்துப் பெரிய ஆலைக்குக் கொண்டுபோனால் சில மூட்டைக்காக இயந்திரத்தை நிறுத்தித் துடைக்கமாட்டார்கள், வேறு அரிசியோடு கலந்துதான் வரும். பக்கத்தில் சிறிய அரவை ஆலை எங்கே இருக்கிறது என்று அறுவடைக்கு முன்பே விசாரித்து வைத்துவிடுங்கள்.

11. முடிவைக் கேட்கும் கூட்டம்

ஒப்பந்தத்தில் எழுதிய 60 நாள் நெருங்கும்போது நினைவூட்டல் கடிதம் அனுப்புங்கள், பதிவுத் தபாலில். கூட்டத்தில் ஆய்வாளர் படக்காட்சி போடுவதைவிட, ஒவ்வொரு ரகத்தின் நெல், அரிசி, வைக்கோல், சமைத்த சோறு நான்கையும் வைக்கச் சொல்லுங்கள். எடை குறைந்தாலும் மாட்டுக்கு வைக்கோல் நன்றாக இருக்கிறது என்பதற்காகவே ஒரு ரகத்தை உழவர்கள் தேர்ந்தெடுப்பது உண்டு. அந்தக் காரணங்களையும் ஆய்வாளர் குறித்துக்கொள்ளவேண்டும், அடுத்த சோதனைக்கு அதுதான் கேள்வி.

எந்த ரகமும் தேறவில்லை என்றாலும் அதையும் எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து ஊர்க்காரர் அதே ரகத்துக்குப் பணம் போடாமல் இருக்க அந்தத் தாள் உதவும். வாங்கிய அறிக்கைகளின் நகல் ஒன்றை விரிவாக்க மையத்திலும் ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள். நவரைச் சோதனை முடிந்து இந்தக் கூட்டம் நடக்கும்போது சொர்ணவாரி நாற்று தயாராக இருக்கும். அடுத்த ஏப்ரல் திட்டத்துக்கான கேள்வியை அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டால், டிசம்பரில் மனுவோடு அதன் நகலை மட்டும் இணைத்தால் போதும்.